அட்டாலி நிறைய ராட்டை

சிங்காநல்லூர் மில்லில் கணக்கு எழுதும் என் மகனுக்கு உன் அப்பன் எழுதுவது. ஆசீர்வாதம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை. பேனாவை எடுத்துவிட்டு அந்த ஒரு வார்த்தைக்காக ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. கடைசியில் வந்தால் எழுதுகிறேன், வராவிட்டால் வரவில்லை என்று வைத்துக்கொள். நீ கார்த்திகை தீபத்துக்கு வந்தாய், மறுநாள் காலையில் பஸ் ஏறினாய். ஏறுவதற்கு முன்னால் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து ஒரு பேச்சுப் பேசினாய். நான் பதில் சொல்லவில்லை. அப்பன் ஒத்துக்கொண்டான் என்றுதான் நீ நினைத்திருப்பாய், சிரித்த முகமாகத்தான் போனாய். அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முந்தி ஒரு அப்பன் மகனுக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருக்கிறது. பெண்டாட்டியிடம் எப்படிப் பேசுவது, மாமனார் வீட்டில் எத்தனை நாள் தங்குவது, இப்படி. அதையெல்லாம் உன் மாமன் சொல்லட்டும், அவருக்கு அது பிடிக்கும். என்னிடம் ஒரே சங்கதிதான் இருக்கிறது. வேலைக்கு வேண்டியதற்கு மேல் சாமான் வாங்காதே. இதற்கா இந்த மனுஷன் தாள் தாளாக எழுதுகிறான் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆனால் முழுக்கப் படி. காசைப் பற்றி நான் பேச வரவில்லை. உன் சம்பளம், உன் பாடு. நான் பேச வந்தது அந்தக் கூறைச் சேலையைப் பற்றி.

நீ மில்லில் சேர்ந்த வருஷம் கோயமுத்தூரில் ஏதோ கதர்க் கூட்டத்துக்குப் போனாய். அங்கிருந்து கதர் ஜிப்பாவும் போட்டுக்கொண்டு கையில் ஒரு தக்ளியோடு வாசலில் வந்து நின்றாய். ஒரு கம்பியும் அடியில் ஒரு வில்லையும், அவ்வளவுதான் அந்தச் சாமான். உன் அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பகலெல்லாம் மிஷினில் நூற்கிற கதிர் சுற்றுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டு, பொழுதோடு வீட்டுக்கு வந்து விரலால் நூற்கப் போகிறேன் என்கிறானே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. வெளியில்தான் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான், அதை மறைப்பானேன். கிணற்றுமேட்டில் உட்கார்ந்து நீ நூற்றாய். நூல் ஓரிடத்தில் கயிறாக வந்தது, ஓரிடத்தில் முடியாக வந்தது, அறுந்து அறுந்து போனது. ஆனாலும் வந்தது. முதலில் வந்த முழ நூலை உன் அம்மா மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு குளிக்கும்போதுகூடக் கழற்றாமல் திரிந்தாள். அன்றைக்கு நீ வாய் நிறையச் சொன்னாய், "என் கல்யாணத்துக்குக் கூறைச் சேலை கடையில எடுக்க வேண்டாமுங்கம்மா. நானே நூத்து நெய்யக் குடுக்கறேனுங்க" என்று. உன்னை யாரும் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய்.

கூறைச் சேலை என்றால் நம் பக்கத்தில் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்தில் உடன்பிறந்தவள் செய்கிற இணைச்சீர் நடக்கும்போது ஒரு தலைப்பை நீ பிடித்திருப்பாய், மறு தலைப்பை உன் அக்காள் பிடித்திருப்பாள், சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட சேலையை மகன் தன் கையால் நூற்கப் போகிறான் என்றால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? தறிக்கே போகாத சேலையை உன் அம்மா ஊர் பூராவும் விரித்துக் காட்டிவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் சொன்னாள், களை வெட்டுகிறவர்களிடம் சொன்னாள், ஆனைமலையில் இருக்கும் உன் அக்காள் வீட்டுக்குப் போய் அவள் மாமியாரிடமும் சொன்னாள். போன ஆவணியில் உனக்குப் பெண் நிச்சயம் பண்ணியபோது பெண்ணின் தாயார் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மகள் கட்டப்போவது என் மகன் நூற்ற சேலை என்று சொன்னதை நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாய்.

இனி பஞ்சுக் கதைக்கு வருகிறேன். நமக்கு விளைவது பருத்தி. உன்னைப் படிக்க வைத்தது பருத்தி. நீ தக்ளி எடுத்த அந்த மாசியில் முதல் எடுப்புக்கு உன் அம்மா ஆள்காரர்களை விடவில்லை. கிணற்றை ஒட்டினாற்போல இருந்த செடிகளில் நன்றாக வெடித்த காயாகப் பார்த்துத் தானே எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த சருகைப் பொறுக்கி, கொட்டையை விரலாலேயே பிரித்து, பஞ்சை மட்டும் தன் பழைய சேலையில் மூட்டை கட்டி, பூச்சி வராமல் நொச்சித் தழையும் வைத்தாள். தம்பி நூற்கிறதுக்கு என்று ஒரு தரம் என்னிடம்கூடத் தொடக் கொடுக்கவில்லை. சித்திரையில் நீ வந்தாய். பஸ் மேலிருந்து பெரிய கட்டு ஒன்றை இறக்கினாய். பிரித்தால், கடையில் வாங்கின பஞ்சுப் பட்டை! பஞ்சை வில்லால் கொட்டிச் சுருட்டி வரிசையாக அடுக்கி வைத்திருந்தான் கடைக்காரன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. இது இழை நீளம், நம் பஞ்சு கொஞ்சம் முரடு என்று அவளுக்கு விளக்கம் வேறு சொன்னாய். பருத்திக் காட்டுக்காரன் மகன் காசு கொடுத்துப் பஞ்சு வாங்கி வந்த கூத்தைக் கிணத்துக்கடவுச் சந்தையில் என்னிடமே ஒருவர் விசாரித்தார், "ஏனுங்க, இந்த வருசம் உங்க காட்டுல வெளைச்சல் இல்லீங்களா?" என்று. நான் என்ன சொல்லுவேன், வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அம்மா தன் மூட்டையைக் கூரைக்கடியில் அட்டாலிப் பரணில் ஏற்றிவிட்டாள். அடுத்த மாசியிலும் போய் எடுத்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

அதற்குப் பிறகு உன் வண்டி நிற்கவே இல்லை. தக்ளி மெதுவாகச் சுற்றுகிறது என்று ராட்டை வந்தது. அந்த ராட்டை கிரீச்சென்று கத்துகிறது என்று இன்னொன்று வந்தது. பஞ்சு கொட்டுவதற்கு வில் வந்தது, கொட்டத் தெரிந்தவர் யாரும் வீட்டில் இல்லை. ஒரு கதிர் வளைந்துபோனால் என்ன செய்வது என்று கை நிறையக் கதிர் வந்தது. முதல் கதிர் வளைகிற அளவுக்கு நீ ஓட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நூல் சுற்றுகிற சட்டம் வந்தது, சுற்ற நூல் இல்லை. ஒரு நாள் சாயப் பொடி வந்தது. எதற்கு என்று கேட்டேன். கரைக்கு அரக்கு நிறம் ஏற்ற வேண்டுமே, நல்ல பொடி எப்போதும் கிடைக்காது, கிடைக்கும்போது வாங்கி வைத்தேன் என்றாய். சேலையே இல்லாத சேலைக்குக் கரை போட்டவன் இந்தக் கொங்கு நாட்டில் நீ ஒருத்தன்தான். ஒவ்வொரு தடவையும் வந்த அன்றைக்கு உட்கார்ந்து ஆசையாகச் சித்தெ நேரம் சுற்றுவாய். நூல் அறும். இரண்டாம் தரம் அறும். குற்றம் ராட்டையின் மேல் போய்விடும். அடுத்த வாரம் வேறு கடையில் வேறு ராட்டை பார்த்து வைத்திருப்பாய்.

உன்னை நான் கவனித்துத்தான் வந்தேன் கண்ணு. சாமான் வாங்கி வருகிற அன்றைக்கு உன் முகத்தில் வேலையை முடித்தவன் களை இருக்கும். நன்றாகச் சாப்பிடுவாய், எல்லாரிடமும் கலகலவென்று பேசுவாய். நூற்கிற அன்றைக்கு முகம் சுண்டிப்போகும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாங்குவதும் உனக்கு நூற்பதுபோலத்தான் இருந்திருக்கிறது, கை வலி மட்டும் கிடையாது. வாங்கி வைத்த பஞ்சு அறுவதில்லை. அதில் முடிச்சு விழுவதில்லை. நூற்றால்தான் உன் கைக்கு எவ்வளவு வரும் என்று ஊருக்குத் தெரியும். நூற்காத வரைக்கும் நீ பெரிய நூற்புக்காரன்தான். எனக்கும் சந்தையில் ஆசை வராமலில்லை. நல்ல வடக்கயிற்றைக் கண்டால் கை தானாகப் போகும். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலையில் ஒரு வடம் ஓடும், அறுந்தால் மாற்ற ஒரு வடம் வீட்டில் கிடக்கும். மூன்றாவது வடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன், வாங்க மாட்டேன். என் அப்பன் எனக்கு அவ்வளவுதான் கற்றுக்கொடுத்தான். உனக்கு நான் அதைக்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். பையன் ஆசைக்கு வாங்குகிறான், வயசானால் சரியாகிவிடும் என்று நானும் விட்டிருப்பேன். போன வருஷம் ஆடியில் உன் அம்மாவின் வலது கண்ணில் பூ விழுந்தது. முதலில் புகை மாதிரி இருக்கிறது என்றாள். வைத்தியர் தழைச்சாறு பிழிந்தார், கேட்கவில்லை. கோயமுத்தூருக்கு நீதான் கூட்டிப்போனாய். போன பார்வை வராது, இன்னொரு கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நீதான் வந்து என்னிடம் சொன்னாய், சொல்லும்போது அழுதாய். உன் அழுகையை நான் பொய் என்று சொல்லமாட்டேன். பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது அவள் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு நாளும் உன்னிடம் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்காதவள் கேட்டாள்.

"தம்பி, இந்தக் கண்ணு இருக்கறப்பவே அந்தச் சேலையை ஒருக்கா பாத்துக்கோணும் சாமி. கலியாணம் எப்ப வேணும்னாலும் நடக்கட்டும், சேலையை முன்னாடியே நெய்ஞ்சு குடுத்துர்றயா?"

நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். சரிங்கம்மா, சரிங்கம்மா என்றாய். எனக்கே நெஞ்சு இளகிப்போனது. இனி உட்கார்ந்துவிடுவான், பையனுக்குச் சுரணை வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தாய். கையில் ஒரு பெட்டி. மடித்தால் பெட்டி, விரித்தால் ராட்டை. இதில் நூற்றால் இரண்டே மாதத்தில் முடிந்துவிடும், இத்தனை நாள் நல்ல ராட்டை இல்லாததுதான் குறை என்றாய். அவள் சேலை கேட்டாள், நீ ராட்டை வாங்கி வந்தாய். இதைவிடச் சுருக்கமாக உன் கதையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளும் அந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, வழுவழுன்னு நல்லா இருக்குது கண்ணு என்றுதான் சொன்னாள். இந்த ஆடிக்கு இடது கண்ணும் போய்விட்டது. இப்போது வெயில் எது நிழல் எது என்று தெரியும், அவ்வளவுதான்.

ஐப்பசியில் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அட்டாலியை ஒழித்தேன். நான் மேலே ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவள் கீழே நின்று வாங்கி வாங்கி வைத்தாள். கண் தெரியாவிட்டாலும் எல்லாம் தெரிகிறது அவளுக்கு. இது தம்பி சித்திரையில் கொண்டுவந்தது, இது நோம்பிக்கு வந்தபோது கொண்டுவந்தது என்று கை பட்டதும் சொன்னாள். கடைப் பஞ்சுப் பட்டைக் கட்டுகளில் எலி குட்டி போட்டிருந்தது. அதை அவள் தொட்டுவிடாமல் நான் முறத்தில் அள்ளிக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்டினேன். சாயப் பொடி மழை ஈரத்தில் கட்டியாகிக் கிடந்தது. ஒரு ராட்டைக்குக் கயிறு இல்லை, ஒன்றுக்குப் பிடி இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் அவள் கட்டி வைத்த மூட்டைகள் இருந்தன. நொச்சித் தழை சருகாகி நொறுங்கிப்போயிருந்தது, பஞ்சு மட்டும் அப்படியே இருந்தது. அவள் முதல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சைத் தடவிப் பார்த்தாள். அது அவள் போட்ட முடிச்சு. அவள் முடிச்சு அவளுக்குத் தெரியாதா?

"அவுக்கவே இல்லையாட்ட இருக்குதுங்க" என்றாள். எழுந்துபோய் அடுப்பைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நீ இத்தனை வருஷமும் நூற்ற நூல் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டினேன். தக்ளியில் பாதி இருந்தது, ராட்டைக் கதிரில் கொஞ்சம் இருந்தது, சிட்டமாகச் சுற்றின நூல் இரண்டு மூன்று பெட்டியில் இருந்தது. துணிப்பையில் போட்டுக்கொண்டு, நமக்கு எப்போதும் துணி நெய்து கொடுக்கிற நெசவுக்காரரிடம் போனேன். கல்யாணச் சேலைக்கு நூல் கொண்டு வருவார்கள் என்று அவரும் உன் அம்மா சொல்லிச் சொல்லித் தறியை ஒழித்து வைத்துக் காத்திருந்த மனுஷன். பையைக் கவிழ்த்துப் பார்த்தார். மெதுவாகத் திரும்பப் பையிலேயே போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "ஒரு துண்டு நெய்யலாமுங்க. அதுங்கூட ஓரத்துல கொஞ்சம் நம்ம நூலு சேத்தோணுமுங்க." காப்பித் தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்தப் பை கையில் கனமே இல்லாமல் தொங்கிக்கொண்டு வந்தது.

இப்போது நீ கட்டுத்தரையில் பேசியதற்கு வருகிறேன். கார்த்திகைக்கு நீ வந்தபோது நெசவுக்காரர் சொன்னதை உன்னிடம் சொன்னேன். உனக்கு வெட்கம் வரும், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாய் என்று நினைத்தேன். ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கினாய். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிக் கட்டுத்தரைக்கு வந்தாய், வழி கண்டுபிடித்துவிட்டவனைப் போல வந்தாய்.

"கதர்க் கடையில ஒரு சேலை பாத்து வெச்சிருக்கறேனுங்கப்பா. நூலு நல்ல சன்னமுங்க. அதையே எடுத்துக்கறேனுங்க. நான் நூத்ததுன்னே எல்லாருகிட்டயும் சொல்லிக்கலாமுங்க. யாரு கண்டாங்க? அம்மாவுக்குத்தான் கண்ணு தெரியாதுங்களே."

இதுதான் நீ சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதே மூச்சில், அந்தக் கடையில் புதுசாக ஒரு ராட்டை வந்திருந்தது, நன்றாக இருந்தது, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், அட்டாலியில் வைத்துவிடுங்கள் என்றும் சொன்னாய். நான் தட்டுக்கட்டைப் பிடித்தபடி நின்றேன். ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும். கல்யாணம் பேசி முடித்த மகனை எப்படி அடிப்பது என்று கை எழவில்லை. நீ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாய்.

அந்தக் கட்டுத்தரைக்கும் புழக்கடைக்கும் நடுவில் ஓலைத்தட்டி ஒன்றுதான் மறைப்பு. தட்டிக்கு அந்தப் பக்கம் உன் அம்மா உட்கார்ந்து மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் சமையலுள்ளில் இருக்கிறாள் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆட்டுரல் சத்தம் நின்று ரொம்ப நேரமாகியிருக்கிறது, அது என் காதில் ஏறவில்லை. நீ போன பிறகு நான் தட்டியைத் தாண்டிப் போனேன். அவள் குழவியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இப்போதே சிங்காநல்லூருக்குப் போய் அவனை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டேன். அவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. அந்தச் சேலையவே எடுத்துட்டு வரட்டுமுங்க. நாந் தடவிப் பாத்துப்போட்டு, நல்லா நூத்திருக்கற கண்ணுன்னு சொல்லிப்போடறேனுங்க. சபையில எம்பையன் தலை குனியக்கூடாதுங்க. நீங்க அவங்கிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

சரி என்றேன். சத்தியம் கேட்டாள், அதையும் பண்ணினேன். இப்போது அதை மீறித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு நான் செய்து கொடுத்த சத்தியத்தை மீறுவது இதுதான் முதல் தடவை. அந்தப் பாவமும் உன் கணக்கில்தான் சேரும்.

நீ புதுசாகக் கொண்டுவந்த ராட்டைக்கு அட்டாலியில் இடமில்லை. கட்டுத்தரை மூலையில் வைத்தேன். அதன் சட்டத்துக்குள் கோழி ஒன்று அடை உட்கார்ந்துவிட்டது. உன் சாமான் ஒன்று இந்த வீட்டில் முதல் முறையாக ஒரு காரியத்துக்கு உதவுகிறது, அதைக் கலைக்காதே.

வரப்போகிற பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அவளை நான் பார்த்தேன், சாந்தமான பெண். அவள் உன்னிடம் ஒன்று கேட்பாள். ஊருக்குக் கூட்டிப்போ என்பாள், பக்கத்தில் உட்காரு என்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல், எழுந்து வா என்பாள். நீ கடைக்குப் போய் ஏதாவது நல்ல சாமானாக வாங்கி வந்து வைத்துவிட்டு, செய்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வாய். அவளும் உன் அம்மாவைப்போல வழுவழுன்னு நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுவாள். வீடு நிறையச் சாமான் இருக்கும். பேச்சு இருக்காது. எனக்கு அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதே பாவமாக இருக்கிறது.

தைக்குள் நீ சேலை நூற்க முடியாது. இனி எந்த ராட்டை வாங்கினாலும் முடியாது. அந்த ஆசையை விடு. இனி நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு எந்தச் சாமானும் வேண்டியதில்லை. கடைச் சேலையைக் கொண்டுவந்து உன் அம்மா மடியில் வைத்து, இது கடையில் எடுத்ததுங்கம்மா, நான் நூற்கவில்லை என்று உன் வாயால் சொல். அவள் உன்னை ஒன்றும் சொல்லமாட்டாள். அவளை உனக்குத் தெரியாதா? சொன்னால், நான் இப்படி ஒரு கடிதம் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்வேன்.

சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள். இணைச்சீரில் நீ ஒரு தலைப்பைப் பிடித்திருப்பாய், உன் அக்காள் மறு தலைப்பைப் பிடித்திருப்பாள். உன் அம்மாவை யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் அந்தச் சேலையை எடுத்து விரலால் தடவுவாள். நம் காட்டுப் பஞ்சை ஆயிரம் மூட்டையிலும் தொட்டுப் பார்த்துச் சொல்லுகிற விரல் அது. கடை நூலில் ஒரு முடிச்சுகூட இருக்காது. அவள் முகம் மாறாது. நல்லா நூத்திருக்கற கண்ணு என்று எல்லாரும் கேட்கும்படி சொல்லுவாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் பொய்யை உனக்காகச் சொல்லுவாள். நீ அந்தத் தலைப்பைக் கீழே போடவும் முடியாமல் பிடித்துக்கொண்டு நிற்பாய். அதற்கும் மேல் உனக்கு நான் என்ன தண்டனை கொடுக்க முடியும்?

ஆசீர்வாதம் கடைசி வரைக்கும் வரவில்லை. இதை எழுதியது நான் மட்டும்தான். உன் அம்மா இப்போது புழக்கடையில் உட்கார்ந்து, தான் கட்டி வைத்த அந்தப் பஞ்சு மூட்டையை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, உன் கல்யாண விளக்குகளுக்குத் திரி திரித்துக்கொண்டிருக்கிறாள்.